சுவரிலிருந்து தாளுக்கு: ஜான் பைனின் ஆர்மடா அச்சுப்படங்கள் (1739) – ஒரு நிகழ்வு ஆய்வு

1739ஆம் ஆண்டு லண்டனில் ஜான் பைன் என்ற செப்புத்தகட்டுச் செதுக்குக் கலைஞர் பெரிய அளவிலான அச்சுப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைச் சுவர்களில் தொங்கிய பத்துச் சித்திரத் திரைச்சீலைகளை அவர் அதில் தாளுக்குக் கொண்டுவந்திருந்தார். 1588இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வந்த ஸ்பெயினின் ஆர்மடா என்ற பெருங்கப்பற்படையும் அதை எதிர்கொண்ட ஆங்கிலேயக் கப்பற்படையும் ஆங்கிலக் கால்வாயில் ஒரு வாரத்துக்கும் மேலாக மோதிக்கொண்டதே அந்தத் திரைச்சீலைகளின் பொருள். தொகுதி வெளிவந்து நான்கு மாதங்களுக்குள் பிரிட்டன் மீண்டும் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது.

கடற்படைப் படங்கள் அரசியல் பரப்புரையாக எப்படி வேலை செய்தன என்று ஆராய்வதற்கு இதைவிட ஆரவாரமான எடுத்துக்காட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. எதிரியைப் பேயாகவும் பன்றியாகவும் வரைந்த கேலிப்படங்களுக்கு ஐரோப்பாவில் எந்த நூற்றாண்டிலும் பஞ்சமில்லை. ஆனால் பைனின் தொகுதியில் அப்படி எதுவும் கிடையாது. கப்பல்கள், அலைகள், புகை, ஓரத்தில் தளபதிகளின் முகங்கள், கூடவே கடல் வரைபடங்கள் என்று எல்லாம் அடக்கமாகவே இருக்கின்றன. பெரும்பாலும் நடந்ததையே காட்டுகிற ஒரு படவரிசை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவர் மாற்றி ஒருவருடைய அரசியலுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. கீழே வரும் போர் நாட்கள் அக்கால ஆங்கிலேயர் பின்பற்றிய பழைய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன.

திரைச்சீலைகளுக்குப் பணம் கொடுத்தவர்

பைன் நகலெடுத்த திரைச்சீலைகள் அரசின் ஆணையால் உருவானவை அல்ல. 1588இல் ஆங்கிலேயக் கப்பற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த எஃபிங்ஹாமின் ஹவார்ட் பிரபு, 1592இல் தம் சொந்தச் செலவில் அவற்றை நெய்யச் சொன்னார். டெல்ஃப்ட் நகரில் பட்டறை வைத்திருந்த ஃபிரான்சிஸ் ஸ்பீரிங் அவற்றை நெய்தார். அதற்கான மாதிரி ஓவியங்களை வரைந்தவர் ஹார்லெம் நகரத்து ஹென்ட்ரிக் வ்ரூம். பிற்காலத்தில் கடற்காட்சி ஓவியம் டச்சு நாட்டில் ஒரு தனித் துறையாக வளர வழியமைத்த முன்னோடி என்று போற்றப்படும் அதே வ்ரூம்தான். 1595இல் பத்துத் திரைச்சீலைகளும் முடிந்தன.

போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு தளபதி இவ்வளவு பெரிய செலவை ஏன் தலையில் போட்டுக்கொண்டார்? வெற்றிப் பெருமிதம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். 1588 வெற்றியின் பெருமை யாருக்கு என்பது அப்போது தீர்ந்துபோன விஷயமாக இருக்கவில்லை. மக்கள் வாயில் புழங்கிய பெயர் ஹவார்டின் கீழ் துணைத் தளபதியாக இருந்த பிரான்சிஸ் டிரேக்குடையது. ஹவார்ட் ஸ்பானியக் கப்பல்களை நெருங்கிப் பிடித்து ஏறிச் சண்டையிடவில்லை, தூரத்திலிருந்தே பீரங்கி அடித்துக்கொண்டு பின்னால் போனார் என்ற குறை அவர்மீது இருந்தது. படைவீரர்கள் நிறைந்து உயர்ந்து நின்ற ஸ்பானியக் கப்பல்களோடு அப்படிப் பிணைந்திருந்தால் இங்கிலாந்தே போயிருக்கும் என்று பல ஆண்டுகள் கழித்து வால்டர் ராலே அவருக்காக வாதாட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தக் குறை எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பது விளங்கும். 1597இல் ஹவார்டுக்கு நாட்டிங்ஹாம் ஏர்ல் பட்டம் அளிக்கப்பட்டபோது, 1596ஆம் ஆண்டு ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீது நடந்த தாக்குதலின் பெருமையும் அந்தப் பட்டயத்தில் அவருக்கே எழுதப்பட்டதைக் கண்டு, அதில் அவரோடு சேர்ந்து தலைமையேற்றிருந்த எசெக்ஸ் ஏர்ல் கொதித்தெழுந்தார். கடற்போரில் வாங்கிய பெயரைக் கரையில் வைத்துக் காப்பாற்றிக்கொள்வதே தனிப் போராக இருந்த காலம் அது.

வ்ரூமுக்கு அடிப்படையாகக் கிடைத்தவை ராபர்ட் ஆடம்ஸ் வரைந்த கடல் வரைபடங்கள். அகஸ்டின் ரைதர் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி 1590இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் வாழ்ந்த இத்தாலியரான பெத்ருச்சோ உபால்தினி எழுதிய போர் விவரணையின் ஆங்கில வடிவத்தோடு சேர்ந்து வெளிவந்த அந்த வரைபடங்களும் ஹவார்டுக்கே காணிக்கையாக்கப்பட்டவை. இந்த உபால்தினியே அதே போரைப் பற்றி இன்னொரு விவரணையும் எழுதினார். அது டிரேக்கின் பக்கம் சாய்ந்தது. ஒரே எழுத்தாளர் ஒரே போருக்கு இரண்டு கதாநாயகர்களைத் தந்திருக்கிறார் என்றால், படம் வரைய உட்கார்ந்தவருக்கு எந்த விவரணை கையில் கிடைத்தது என்பது சின்ன விஷயமல்ல.

இரண்டு படங்கள், கிட்டத்தில்

பத்துப் படங்களையும் வரிசையாக விவரிப்பதைவிட இரண்டை மட்டும் நின்று பார்ப்பது பயன்தரும்.

நான்காவது படத்தில் ஸ்பானியத் தளபதிகளில் ஒருவரான டான் பெத்ரோ தெ வால்தெஸின் கப்பல் முன்பாய்மரம் ஒடிந்து டிரேக்கிடம் பிடிபடுகிறது. அதே படத்தில் ஹவார்டின் கொடிக்கப்பல், ‘பேர்’, ‘மேரி ரோஸ்’ என்ற இரண்டு கப்பல்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, பிறைவடிவ அணியில் செல்லும் மொத்த ஆர்மடாவையும் துரத்திக்கொண்டு போகிறது. பார்ப்பவருக்குத் தோன்றுவது என்ன? ஒரு பக்கம் டிரேக்கின் வெற்றி, மறுபக்கம் தன்னந்தனியாக எதிரியைத் துரத்தும் தலைமைத் தளபதியின் துணிவு.

நடந்தது வேறு விதமானது. ஜூலை 21 இரவு, ஆங்கிலேயக் கப்பல்கள் இருட்டில் ஒன்றையொன்று தவறவிடாமல் இருப்பதற்காக, டிரேக்கின் ‘ரிவெஞ்ச்’ பின்புறத்தில் விளக்கேற்றி முன்னே செல்ல வேண்டும், மற்றவை அதைப் பார்த்துப் பின்தொடர வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. நடு இரவில் அந்த விளக்கு அணைந்தது. அடையாளம் தெரியாத சில கப்பல்களைச் சோதிக்கப் போனதாகவும், அவை ஜெர்மானிய வணிகக் கப்பல்கள் என்று தெரிந்து திரும்புகையில் விடியற்காலையில் தற்செயலாக வால்தெஸின் ‘நுவெஸ்த்ரா செனோரா தெல் ரொசாரியோ’ எதிர்ப்பட்டதாகவும் டிரேக் பிறகு விளக்கம் தந்தார். மற்ற கப்பல்களோடு மோதிப் பாய்மரம் இழந்து தவித்துக்கொண்டிருந்த அந்தக் கப்பலில் ஸ்பெயின் அரசனின் பணம் ஏராளமாக இருந்தது. இதற்கிடையில் ஹவார்ட், வேறொரு விளக்கை டிரேக்கின் விளக்கு என்று எண்ணிப் பின்தொடர்ந்து, பொழுது விடிந்தபோது தம் படையைப் பின்னால் விட்டுவிட்டு எதிரி அணியின் வாலருகே நின்றுகொண்டிருந்தார். அவர் ‘துரத்திய’ கதை இதுதான். கொள்ளைப் பங்கில் தன்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று இன்னொரு ஆங்கிலேயத் தளபதியான மார்ட்டின் ஃப்ரோபிஷர் டிரேக்கின் மீது வெளிப்படையாகவே சீறினார்.

படத்தில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரொசாரியோ பிடிபட்டது உண்மை. மூன்று கப்பல்கள் ஆர்மடாவின் அருகில் இருந்ததும் உண்மை. அணைந்த விளக்கு மட்டும் படத்தில் இல்லை. அது இல்லாததால் ஒரு குளறுபடி இரண்டு வீரச் செயல்களாகப் பிரிந்து நிற்கிறது. டிரேக்கை ஒழித்துக்கட்ட ஹவார்ட் முயலவில்லை என்பதும் இங்கே தெரிகிறது. கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரையும் அழைத்து நிறுத்திவிட்டு நடுவில் வீட்டுக்காரர் நிற்பதைப் போல, டிரேக், ஹாக்கின்ஸ், ஃப்ரோபிஷர் எல்லாருக்கும் இடம் தந்து, அவர்களுக்கு இடம் தரக்கூடிய தலைவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். போட்டியாளரை மறைப்பதைவிட இது கெட்டிக்காரத்தனமான வழி என்றே தோன்றுகிறது.

கடைசிப் படத்தில் கலே துறைமுகத்துக்கு அருகே தரைதட்டிய பெரிய ஸ்பானியக் கப்பல், ‘சான் லொரென்சோ’, முக்கிய இடம் பெறுகிறது. ஜூலை 28 இரவு ஆங்கிலேயர் தீவைத்த எட்டுக் கப்பல்களை ஏவி ஆர்மடாவின் நங்கூரங்களை அறுத்துக்கொண்டு ஓடவைத்தார்கள். மறுநாள் காலை, கலேக்குக் கிழக்கே கிராவ்லின் ஊருக்கு எதிரேயுள்ள கடலில் முழுப் போர் தொடங்கியது. அந்த நேரத்தில் தலைமைத் தளபதி போரின் முன்னணிக்குப் போகாமல், தரைதட்டிய ஒரு கப்பலைப் பிடிக்கப் படகுகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். படகில் போனவர்கள் கப்பலைச் சூறையாடினார்கள். கப்பல் தங்களுக்கே உரியது என்று கலேயின் பிரெஞ்சு ஆளுநர் சொல்லிவிட்டதால் வெறுங்கப்பல்கூட மிஞ்சவில்லை. அன்றைய முதல் தாக்குதலை நடத்தியவர் டிரேக். ஹவார்டின் இந்த விலகலைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் பலர் குறையாகவே எழுதியிருக்கிறார்கள். திரைச்சீலையிலோ அது பத்து நாள் போராட்டத்தின் இறுதிக்காட்சிக்கு உரிய கம்பீரத்தோடு நிற்கிறது.

இந்த இரண்டையும் தவிர, படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அது ஆர்மடாவின் பிறை. உயரத்திலிருந்து பார்க்கும் கோணத்தில் வரையப்பட்டிருப்பதால் கடல் முழுவதும் ஒரு மேடைபோல் நிமிர்ந்து நிற்க, அதன் குறுக்கே ஸ்பானியக் கப்பல்கள் நெருக்கமாக, இரு முனைகளும் பின்னோக்கி வளைந்த பிறையாக நகர்கின்றன. நாளடைவில் அந்தப் பிறையே ஆர்மடாவின் அடையாளமாகிவிட்டது. கொம்புகளை நீட்டிக்கொண்டு வரும் ஆபத்து என்று பார்ப்பவர்கள் அதைப் படித்தார்கள். உண்மையில் அது தற்காப்பு அணி. பிளிமத்திலிருந்து கலே வரை ஆங்கிலேயரால் அதை உடைக்க முடியவில்லை. கால்வாய் நெடுகிலும் ஸ்பெயின் இழந்த பெரிய கப்பல்கள் இரண்டு, அவையும் ஒன்று மோதலாலும் மற்றொன்று தன் வெடிமருந்து வெடித்ததாலும் முடமானவை. ஆங்கிலேய வெற்றியைக் கொண்டாட நெய்த திரைச்சீலைகளே ஆங்கிலேயப் பீரங்கிகளின் இயலாமைக்கும் சாட்சியாகத் தொங்கின. அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை.

படத்துக்கு வெளியே நின்றவர்கள்

ஸ்பெயினுக்காகப் பார்மா கோமகன் திரட்டி வைத்திருந்த தரைப்படை டன்கர்க்கிலிருந்து புறப்பட்டு ஆர்மடாவோடு சேராமல் தடுத்து நின்றவை நாசோவின் ஜஸ்டினஸ் தலைமையிலான டச்சுச் சிறுகப்பல்கள். வரைந்தவரும் டச்சுக்காரர், நெய்த பட்டறையும் டச்சு நாட்டில். ஆனாலும் வரிசையில் அவர்களுக்கென ஒரு காட்சி இல்லை. பணம் கொடுத்தவர் ஆங்கிலேயர்.

ஆங்கிலேய மாலுமிகளும் அப்படித்தான். போர் முடிந்து கரைக்குத் திரும்பிய கப்பல்களில் நோய் பரவி, சம்பளமும் மாற்று உடையும் இல்லாமல் மார்கேட் தெருக்களில் மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வீரமாகப் பணியாற்றியவர்கள் இவ்வளவு பரிதாபமாகச் சாவதைக் கண்டால் எவருடைய மனமும் வருந்தும் என்று 1588 ஆகஸ்டில் அரசியின் அமைச்சர் பர்லிக்கு எழுதியவர் இதே ஹவார்ட். அந்தக் கடிதத்தை எழுதியவருக்கும் திரைச்சீலைகளுக்குப் பணம் கொடுத்தவருக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எதை அமைச்சரிடம் சொல்வது, எதைச் சுவரில் தொங்கவிடுவது என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

1616இல் ஹவார்ட் திரைச்சீலைகளை முதலாம் ஜேம்ஸ் அரசருக்கு விற்றார். தனிமனிதரின் பெருமை அரண்மனைச் சொத்தானது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்கு வந்து சேர்ந்து, பிரபுக்கள் சபையின் சுவர்களில் இடம் பிடித்தன. அதன்பின் அங்கு நடந்த விவாதங்களெல்லாம் அந்தக் கப்பல்களின் நடுவில்தான் நடந்தன. இருந்தும், அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மண்டபத்துக்குள் நுழைய முடிந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது.

1735 சட்டமும் 1739 வெளியீடும்

ஜான் பைன் லண்டனின் முன்னணிச் செதுக்குக் கலைஞர்களில் ஒருவர். ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் நண்பர். அச்சுப்படங்களைக் கள்ளத்தனமாக நகலெடுத்து விற்பவர்களால் நொந்துபோன கலைஞர்கள் சிலர் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்து 1735இல் ஒரு சட்டம் பெற்றார்கள். ஒரு படத்தைத் தாமே கற்பனை செய்து வரைந்து செதுக்கியவருக்கு 14 ஆண்டுகள் தனியுரிமை தந்த அந்தச் சட்டம், படத்தின் ஒவ்வொரு தகட்டிலும் உரிமையாளரின் பெயரும் வெளியீட்டு நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. பைனின் சிக்கல் என்னவென்றால் திரைச்சீலைகள் அவருடைய கற்பனை அல்ல. எனவே பிரபுக்கள் சபைத் திரைச்சீலைகளிலிருந்து அவர் செதுக்கவிருக்கும் படங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று, பைனின் பெயரைச் சொல்லியே ஒரு தனிப்பிரிவு அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இந்தத் தனிப்பிரிவு நம் ஆய்வுக்கு மிக முக்கியமான சான்று. பைனின் தொகுதியை 1739ஆம் ஆண்டுப் போர்வெறியின் விளைபொருள் என்று சொல்லிவிடுவது எளிது. காலம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 1735லேயே சட்டத்தில் இடம்பெற்ற திட்டம், 1738இல் மூண்ட பூசலுக்காகத் தீட்டப்பட்டதாக இருக்க முடியாது. தொடக்கத்தில் அது பழம்பொருள் ஆர்வமும் வியாபாரமும் கலந்த முயற்சி. காலத்தாலோ விபத்தாலோ பூச்சிகளாலோ திரைச்சீலைகள் அழிந்துபோகக்கூடும் என்பதால், படங்களாகப் பெருக்கிப் பல கைகளில் பரப்பிவைத்தால் மூலங்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு அவற்றுக்குக் கிடைக்கும் என்று தொகுதியிலேயே காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை.

அதே வேளையில் அந்த நான்கு ஆண்டுகளில் நாட்டின் மனநிலை தலைகீழாக மாறியிருந்தது. கரீபியக் கடலில் ஸ்பானியக் காவல் கப்பல்கள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மறித்துச் சோதனையிடுவது பெரும் எரிச்சலாக வளர்ந்தது. 1731இல் கியூபாவுக்கு அருகில் ‘ரெபெக்கா’ கப்பலின் தலைவர் ராபர்ட் ஜென்கின்ஸின் காதை ஸ்பானியர் அறுத்த கதை, ஏழு ஆண்டுகள் கழித்து 1738இல் நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது. அறுபட்ட காதையே அவர் அங்கே எடுத்துக் காட்டியதாகவும் சொல்லப்படுகிறது. பிரதமர் ராபர்ட் வால்போல் போரைத் தவிர்க்க விரும்பினார். 1739 ஜனவரியில் அவருடைய அரசு ஸ்பெயினோடு பார்தோ உடன்படிக்கை செய்தது. அதன்படி ஸ்பெயின் 95,000 பவுன் கொடுக்க வேண்டும். அந்த உடன்படிக்கையை அவமானம் என்று மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் தாக்கிப் பேசியவர்களில் ஒருவர், நான்காண்டுகளுக்கு முன் உறுப்பினராகியிருந்த இளைஞர் வில்லியம் பிட். அவர் சார்ந்திருந்த எதிரணிக்கு எலிசபெத் அரசியின் காலமே பொற்காலம். அவ்வணியின் முன்னோடிகளில் ஒருவரான கோபம் பிரபு, தம் ஸ்டோ மாளிகைத் தோட்டத்தில் நாட்டின் பெருமக்களுக்கென்று எழுப்பிய மண்டபத்தில் எலிசபெத்துக்கும் டிரேக்குக்கும் ராலேக்கும் சிலை வைத்திருந்தார். ஸ்பெயினை அடித்த அரசியைப் புகழ்வது, ஸ்பெயினோடு பேரம் பேசும் அமைச்சரைத் திட்டுவதற்கு எல்லாரும் அறிந்த சுற்றுவழி.

மே இறுதியில் தவணை வந்தது. ஸ்பெயின் பணம் கொடுக்கவில்லை. பைனின் தகடுகளில் பொறிக்கப்பட்ட நாள் ஜூன் 24. ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் கரீபியக் கடலுக்குக் கப்பலேறினார். அக்டோபரில் போர் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

ஆகவே பரப்புரை என்ற சொல்லை இங்கே இரண்டாகப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆக்கியவரின் நோக்கம் ஒன்று. வெளிவந்த வேளை அதற்குக் கொடுத்த வேலை இன்னொன்று. பைன் ஒரு வரிகூட வால்போலைப் பற்றிச் செதுக்கவில்லை. ஆனால் 1739 கோடையில் அந்தத் தொகுதியைப் புரட்டிய எவருக்கும் ‘அன்று’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘இன்று’ என்ற சொல் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். கவர்ச்சியான வணிகப் பண்டம் என்ற அளவில் பைனுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

தாள் செய்த மாற்றங்கள்

திரைச்சீலை தாளுக்கு மாறியபோது படத்தில் நேர்ந்த மாற்றங்களில் முதலாவது அளவு. சுவர் முழுவதும் தொங்கிய கம்பளியும் பட்டும் மேசை மேல் விரிக்கும் தாளாகச் சுருங்கின. நிறங்களும் போயின, இருந்தும் சில பிரதிகளில் நடுப்படத்தை நீலப்பச்சை மையிலும் ஓரச் சட்டத்தைக் கறுப்பிலும் அச்சிட்டு, கடலின் சாயலைக் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள். ஒரே தாளில் இரு மைகள் விழ வேண்டுமென்றால் இரு தடவை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இம்மி பிசகினாலும் சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே வெள்ளைக்கோடு தெரிந்துவிடும். அவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்ட வேலை இது. திரைச்சீலைகளைப் பார்த்து வரைந்து கொடுத்தவர் க்ளெமென்ட் லெம்ப்ரியேர். புதிய அலங்காரச் சட்டங்களில் லண்டனில் பணிபுரிந்த பிரெஞ்சு ஓவியர் கிராவ்லோவின் கைவண்ணம் இருக்கிறது. ஸ்பெயினின் தோல்வியைச் சொல்லும் 1590களின் டச்சு ஓவியத்துக்கு, 1730களின் பிரெஞ்சுப் பாணியில் சட்டம்!

இவற்றைவிட எடை மிகுந்த மாற்றம், பைன் படங்களோடு சேர்த்த துணைப்பொருட்கள். ஆடம்ஸின் பழைய கடல் வரைபடங்களை மீண்டும் செதுக்கி, ஒவ்வொரு மோதலும் எந்த நாளில், எந்தக் கரைக்கு எதிரே நடந்தது என்று காட்டினார். பிற்காலத்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் வரலாற்றை எழுதிப் பெயர்பெற்ற பாதிரியார் ஃபிலிப் மோரன்ட் போரின் விவரணையை எழுதித் தந்தார். சுவரில் தொங்கியபோது அலங்காரமாக இருந்தது, வரைபடமும் விவரணையும் சேர்ந்தவுடன் ஆவணமாகிவிட்டது. ஆனால் வரைபடமும் திரைச்சீலையும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள் அல்ல. திரைச்சீலையே அந்த வரைபடத்தைப் பார்த்து வரையப்பட்டது. வரைபடம் ஹவார்டுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஒருவர் சொன்னதையே இருவர் வாயால் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதே என்று வாசகர் திருப்தியடையும் ஏற்பாடு. பைன் இதை வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்குக் கிடைத்த சான்றுகள் அவ்வளவுதான். என்றாலும் தொகுதியின் நம்பகத்தன்மைக்கு இதைவிட வலுவான முட்டு வேறெதுவும் இல்லை.

அந்தத் தொகுதி எத்தனை பேரை எட்டியிருக்கும் என்ற கேள்வியில் மிகைப்படுத்தலுக்கு இடம் தரக்கூடாது. பெரிய தாளில், நயமாக அச்சிட்ட இத்தகைய தொகுதிகளை வாங்கியவர்கள் மாளிகையும் நூலகமும் வைத்திருந்தவர்கள். தெருவில் நடந்த பரப்புரை வேறு கருவிகளால் நடந்தது. 1739 நவம்பரில் வெர்னன் ஆறு கப்பல்களோடு ஸ்பெயினின் கரீபியத் துறைமுகமான போர்ட்டோபெல்லோவைப் பிடித்த செய்தி வந்ததும் மலிவான பதக்கங்களும் கோப்பைகளும் கடைகளில் குவிந்தன. 1741இல் இன்னொரு ஸ்பானியத் துறைமுகமான கார்த்தஹேனாவும் விழுந்துவிட்டது என்ற அவசரத்தில், ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லெசோ வெர்னனின் முன் மண்டியிடுவதாகக்கூடப் பதக்கம் அடித்தார்கள். கார்த்தஹேனா விழவே இல்லை. முற்றுகையிட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மண்டியிடும் லெசோ இன்று பதக்கம் சேகரிப்பவர்களின் வேடிக்கைப் பொருள். நடக்காததைச் சொன்ன பதக்கம் ஓராண்டில் செல்லாக்காசானது. நடந்ததைத் தேர்ந்தெடுத்துச் சொன்ன பைனின் படங்கள் தலைமுறைகளைக் கடந்தன.

1777: அதே சுவர், எதிர்த்திசை

1739இல் போர் கேட்ட இளைஞர் பிட், 1777இல் சாதம் ஏர்ல் என்ற பட்டத்தோடு, முதுமையும் நோயும் வாட்ட, பிரபுக்கள் சபையில் எழுந்தார். அமெரிக்கக் குடியேற்றங்களை அடக்கும் போரில் அந்நாட்டுப் பழங்குடிப் போர்வீரர்களை ஏவிவிடுவதை, கடவுளும் இயற்கையும் நம் கையில் கொடுத்த வழிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை என்று அமைச்சர் சஃபோக் ஏர்ல் நியாயப்படுத்தியிருந்தார். சஃபோக்கும் ஹவார்ட் குலத்தவர். நவம்பர் 20 அன்று சாதம் சுவரைக் காட்டினார். இந்தத் திரைச்சீலையிலிருந்து உங்கள் அழியாப் புகழ்பெற்ற முன்னோர், நாட்டுக்கு நேர்ந்த இழிவைக் கண்டு சினத்தோடு முகம் சுளிக்கிறார், ஸ்பெயினின் ஆர்மடாவை எதிர்த்து அவர் கப்பற்படையை நடத்திச் சென்றதெல்லாம் இதற்குத்தானா என்ற பொருளில் அமைந்த அந்தப் பேச்சு, பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளில் புகழ்பெற்றது.

ஒரு தளபதி தம் போட்டியாளர்களை வெல்ல நெய்வித்த படம், போர் கேட்டவர்களுக்கு உதவிய படம், இப்போது போர் நடத்தும் அரசின் முகத்தில் அறைவதற்குப் பயன்பட்டது. சாதம் சுட்டிய முகம் யாருடையது, எங்கே இருந்தது என்று அச்சுப்படத் தொகுதியைப் பார்த்தவர்களுக்கு வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். மண்டபத்துக்குள் நுழைந்தறியாத வாசகரும் செய்தியைப் படித்து அந்தச் சுவரை மனத்தில் நிறுத்திக்கொள்ள முடிந்ததற்குப் பைனின் தகடுகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மறு ஆண்டு ஏப்ரலில் அதே சபையில் சாதம் பேசும்போதே மயங்கிச் சரிந்தார். ஜான் சிங்கிள்டன் காப்ளி அதைப் பெரிய ஓவியமாக வரைந்தபோது, பின்னணியில் ஆர்மடாத் திரைச்சீலைகளையும் சேர்த்துக்கொண்டார்.

தீக்குப் பிறகு

1834 அக்டோபர் 16 அன்று, கருவூலம் ஒருகாலத்தில் வரவு செலவைக் கீறிக் குறித்துவைத்த பழைய கணக்குக் குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடித்தள உலைகளில் எரிக்கப்போய் மூண்ட தீயில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி வெந்துபோனது. திரைச்சீலைகளும் அழிந்தன. பூச்சி அரிப்பதற்கு முன்னால், பைன் அஞ்சிய விபத்து முந்திக்கொண்டது. அரண்மனையைத் திரும்பக் கட்டியபோது, அச்சுப்படங்களை ஆதாரமாக வைத்து அக்காட்சிகளைச் சுவருக்கு ஓவியங்களாக மீட்கும் திட்டம் உருவாகி, ரிச்சர்ட் பர்ச்செட் வரைந்த ஒரே ஓவியத்தோடு நின்றுபோனது. மிச்சமிருந்த ஐந்து இடங்களுக்கான ஓவியங்களை அந்தோணி ஓக்‌ஷெட்டும் அவர் குழுவினரும் 2010இல் முடித்தார்கள். அவர்களுக்கும் மூலம் பைனின் தகடுகளே.

இதனால் ஆய்வாளருக்கு ஒரு சிக்கல் பிறந்திருக்கிறது. 1588ஆம் ஆண்டுக் கப்பல்களின் தோற்றத்துக்கும் அணிவகுப்புக்கும் இன்று நூல்களில் எடுத்தாளப்படும் பைனின் படங்கள், போரில் இல்லாத வ்ரூம் 1590களில் வரைந்ததை, நெசவாளர் நூலில் மாற்றியதை, ஒன்றரை நூற்றாண்டு வெயிலும் புகையும் மங்கவைத்ததை, லெம்ப்ரியேர் 1730களின் கண்ணால் பார்த்து வரைந்ததன் மேல் செதுக்கப்பட்டவை. பாய்மரக் கயிறுகளின் அமைப்பையோ பீரங்கிகளின் எண்ணிக்கையையோ அவற்றிலிருந்து எடுப்பவர், முதலில் ரைதரின் 1590ஆம் ஆண்டு வரைபடங்களோடும் கடற்படையின் எழுத்துக் கணக்குகளோடும் ஒப்பிட்டாக வேண்டும். 1590களில் ஹவார்ட் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார், 1739இல் எது விற்றது என்ற இரண்டு கேள்விகளுக்கு அவை நேரடிச் சான்று. கிராவ்லின் கடலில் யார் எங்கே நின்றார் என்பதற்கு அப்படிக் கொள்ள முடியாது.